கோளும் கோள்சொல்வோரும்

உலகம் அழிந்துவிடும் என்றார்கள். சும்மா சொல்லவில்லை, நாள் குறித்துச் சொன்னார்கள். 1962-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3, 4, 5 ஆகிய நாட்களில் மகர ராசியிலே எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன. எட்டும் கூடினால் எட்டுத் திக்கும் நடுங்கும். கடல் பொங்கும், கண்டம் பிளக்கும், மன்னர் மடிவர், மக்கள் மாள்வர் என்று அச்சத்தைப் படியளந்து கொடுத்தார்கள். வடபுலத்திலே வேள்விக் குண்டங்கள் எரிந்தன. குடம் குடமாக நெய் கொட்டப்பட்டது. ஏழை நாக்கு நெய் கண்டறியாத நாட்டிலே, நெருப்பின் நாக்குக்கு நெய் விருந்து!

அந்த எட்டுப் பேரையும் ஒருமுறை வரிசையில் நிறுத்திப் பார்ப்போம். ஞாயிறு, கோளன்று, விண்மீன். திங்களும் கோளன்று, கோளைச் சுற்றும் துணைக்கோள். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும் கோள்கள், ஐயமில்லை. எட்டாவது ஆள் கேது. கேது எங்கே இருக்கிறது? எந்தத் தொலைநோக்கியில் தெரியும்? நிலவு செல்லும் பாதை, ஞாயிறு செல்வதாக நமக்குத் தோன்றும் பாதையை வெட்டுகின்ற இடத்துக்கு இட்ட பெயர் அது. கொருக்குப்பேட்டையிலே தண்டவாளமும் தெருவும் குறுக்கிடும் இடத்தைச் சுட்டிக் காட்டி, அந்த இடமே ஒரு ரயில் என்று கூவினால் கேட்போர் சிரிப்பர். அதையே வானத்தைக் காட்டிச் சொன்னபோது கைகூப்பினர்!

பிப்ரவரி 6-ஆம் நாள் வழக்கம்போல் விடிந்தது. அதே திங்கள் 20-ஆம் நாள், அமெரிக்க நாட்டு ஜான் கிளென் விண்கலமேறி உலகை மூன்று முறை சுற்றிவிட்டுக் கடலிலே இறங்கினார். எட்டுக் கிரகமும் கூடி அவரை ஒன்றும் செய்யவில்லை.

இதைக் கேலி செய்வது எளிது. பகுத்தறிவாளனுக்குக் கடினமான தேர்வு பதினேழு ஆண்டு கழித்து வந்தது. அம்முறை வானத்திலிருந்து மெய்யாகவே ஒரு பொருள் விழ இருந்தது. கேதுவைப் போல் கற்பனையன்று. 77 டன் எடையுள்ள இரும்பும் அலுமினியமும்!

ஸ்கைலாப் என்று அதற்குப் பெயர். 1973 மே 14-இல் அமெரிக்கா ஏவிய ஆய்வுக்கூடம். மூன்று குழுக்கள் அடுத்தடுத்துச் சென்று தங்கின. கடைசிக் குழு 1974 பிப்ரவரியில் இறங்கியது. பிறகு அது ஆளில்லா வீடு. 1980-ஐத் தாண்டியும் மேலே நிற்கும், அதற்குள் புதிய விண்ணோடத்தைக் கட்டி முடித்து, அதைக் கொண்டு பழைய கூடத்தை உயரத் தள்ளிவிடலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. கணக்கு பொய்த்தது. கதிரவன் எதிர்பார்த்ததைவிடக் கொதித்தான். மேல்வளி சூடேறிப் பொங்கி விரிந்தது. அந்த மெல்லிய காற்று உரச உரச ஸ்கைலாப் வேகமாகத் தாழ்ந்தது. விண்ணோடமோ 1981 வரை புறப்படவே இல்லை.

1979 ஜூலையில் இந்நாடெங்கும் பீதி. எங்கே விழும், எவர் தலையில் விழும் என்ற பேச்சே பேச்சு. தெலுங்கு நாட்டுச் சிற்றூர்களில் அந்த நாட்களில் நிலவிய கலக்கத்தை 2021-இல் அதே பெயரில் ஒரு திரைப்படமாகவே எடுத்தார்கள் என்றால், அச்சம் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்று எண்ணிப் பாருங்கள். ஜூலை 11 இரவு, நம் நாட்டு மணிப்படி பத்தைக் கடந்தபோது, அது காற்றில் புகுந்து உடைந்தது. சிதறல்கள் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன. மாண்டவர் எவருமில்லை. அங்கே எஸ்பெரன்ஸ் என்னும் ஊரின் ஆட்சி மன்றம், ஊரில் குப்பை கொட்டிய குற்றத்துக்கு 400 டாலர் தண்டம் விதித்து அமெரிக்க விண்வெளித் துறைக்குச் சீட்டு அனுப்பியது. நகைச்சுவை உணர்ச்சியுள்ள நகராட்சி! (ஸ்கைலாப் விழுந்த நான்காம் நாள் தில்லியிலே மொரார்ஜி தேசாய் பதவி விலகினார். விண்ணிலிருந்து விழுவதற்கு நாள் பார்த்துக் கொடுத்த சோதிடர்கள் இந்த வீழ்ச்சியைப் பற்றி மூச்சு விடவில்லை.)

1962-இல் நாள் குறித்தவர்களுக்கும் 1979-இல் நாள் குறித்தவர்களுக்கும் உள்ள வேற்றுமையை நோக்க வேண்டும். இரு சாராரும் பிழை செய்தார்கள். முன்னவர் உலகம் அழியாதது கண்டு, "எங்கள் வேள்வி காத்தது" என்றார்கள். பிழையையே பெருமையாக்கி, அதற்கும் தட்சிணை வாங்கினார்கள். பின்னவர், "எங்கள் கணக்குத் தவறிவிட்டது, கதிரவனை நாங்கள் குறைவாக எடைபோட்டோம்" என்று ஒப்பி, நாள்தோறும் ரேடார் கொண்டு அளந்து, நாள்தோறும் முன்னுரையைத் திருத்தி வெளியிட்டார்கள். செயற்கைக்கோளைப் பின்தொடர்தல் என்பது முழுவதும் இதுதான். ஒரு கணிப்பு, பிறகு ஒரு நோக்கு, இரண்டும் ஒவ்வாத இடத்தில் கணிப்பைத் திருத்துவது, மறுபடி நோக்குவது.

இந்தத் திருத்தும் பழக்கம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு ஒட்டாது என்று கூறும் மேதாவிகள் உண்டு. அவர்களுக்காகச் சென்னை நகரின் ஏட்டைச் சிறிது புரட்டுவோம்.

1825-இல் ஜான் வாரன் என்பவர் 'கால சங்கலிதம்' என்ற நூலை வெளியிட்டார். சென்னை வானாய்வு நிலையத்திலே பொறுப்பு வகித்தவர். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழரை அவர் கண்டார். அந்தத் தமிழர் தரையிலே அமர்ந்து, காகிதமும் எழுதுகோலுமின்றி, சோழிகளைப் பரப்பி நகர்த்தி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லிக்கொண்டே, அவ்வாண்டு நிகழவிருந்த நிலவு மறைப்பைக் கணித்துக் காட்டினார். மறைப்பின் தொடக்கத்தில் அவர் பிழை 4 நிமிடந்தான்! நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். சோழியைக் கொண்டு இவ்வளவு நெருங்கிய மூளையை வணங்காதிருக்க முடியுமா? ஆனால் ஏன் இப்படிக் கூட்டுகிறோம், ஏன் இப்படிக் கழிக்கிறோம் என்று கேட்டால் அவரிடம் விடையில்லை. வாய்பாடு எப்போதோ எவரோ வகுத்தது. அதை ஒப்பிக்கலாம், தொடக்கூடாது. மறைப்பன்று இரவு வானத்தைப் பார்த்து, "52 நிமிடம் தவறினேன், அடுத்த முறைக்கு வாய்பாட்டை மாற்றுவேன்" என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. கணக்கு இருந்தது, நோக்கு இல்லை. அறிவு இருந்தது, அதைத் திருத்தும் ஆணை இல்லை. அவர் மீது குற்றமில்லை. மறையாக்கி மூடிவைத்தவர் மீது குற்றம்.

மறுபக்கம் வெள்ளையர் ஆணவத்தையும் விட்டுவிடலாகாது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாய்வு நிலையம் எழுப்பியபோது நாட்டிய கருங்கல் தூண் இன்றும் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. ஆசியாவிலே கணித அறிவு பிரிட்டிஷாரின் வள்ளன்மையால் ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரும் அறிக என்ற கருத்தில் அதில் எழுதி வைத்தார்கள். ஆரியபட்டன் எங்கே, பாஸ்கரன் எங்கே, சோழி உருட்டிய புதுச்சேரித் தமிழன் எங்கே! எனினும் அந்தத் தூணிலே தமிழிலும் பொறித்தார்கள். நம் கோயில் கருவறைகளில் தமிழுக்கு இடமில்லாத காலத்தில் கணிதத் தூணில் இடம் கிடைத்தது.

அந்த நிலையத்திலே உதவியாளராகப் பணியாற்றியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்து, 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். பழம் பஞ்சாங்கங்கள் வானத்தோடு ஒத்துப்போகவில்லை, கண்ணால் கண்டு கணக்கைத் திருத்துங்கள் என்று வாதாடினார். 1874-இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்தபோது, அது சகுனமன்று, இயற்கை நிகழ்ச்சி என்று விளக்கி நம் நாட்டு மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். பிறப்பால் வைதிகக் குலத்தவர்; எனினும் தொலைநோக்கியில் கண் வைத்தவனுக்கு ஏடு மட்டும் போதவில்லை! 1880-இல் அவர் மறைந்தார். அவருடைய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 2023-ஆம் ஆண்டிலே திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்பத்துக்குப் பெயர்ந்த நாள் ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. ஒரே சனி, ஒரே கும்பம், இரண்டு பெயர்ச்சி, இடையிலே பதினொரு திங்கள்! இரண்டுக்கும் பரிகாரம் நடந்தது. இரண்டிலும் உண்டியல் நிறைந்தது. வானத்தை அண்ணாந்து பார்த்து எது சரி என்று சொல்ல ஒருவரும் தேவைப்படவில்லை.

நுங்கம்பாக்கத்து நிலையம் நம் வடசென்னைக்குக் கொடுத்த கொடை ஒன்றுண்டு, அது நேரம். 1856-இல் தென்னாட்டின் முதல் பயணியர் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. ரயில் பெருகப் பெருக, ஊருக்கொரு நேரம் உதவாது என்றாயிற்று. விண்மீன் நோக்கி வரையறுத்த சென்னை நேரம் தந்திக் கம்பி வழியே ஓடி, இந்திய ரயில்களின் நேரமாயிற்று. கிரீனிச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது சென்னை நேரம். அந்த 14 நொடியைப் பார்த்துச் சிரிப்போர் உண்டு. செயற்கைக்கோளைத் தொடர்பவன் சிரிக்கமாட்டான். தாழ்வட்டத்தில் சுற்றும் கோள் நொடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் பறக்கிறது. உன் கடிகாரம் ஒரு நிமிடம் தவறினால் 450 கிலோமீட்டர் தவறினாய். ராயபுரத்துக்கு மேலே இருப்பதாக நீ எண்ணும் கோள் மதுரையைத் தாண்டிப் போயிருக்கும்.

இனி நம் கரைக்கு வடக்கே செல்வோம். எண்ணூர் கடந்து, காட்டுப்பள்ளி கடந்து, பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒரு நீண்ட தீவு: ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் சிறு ராக்கெட் கிளம்பியது. அங்கே காலங்காலமாய் வாழ்ந்த ஏனாதிப் பழங்குடியினர் இடம்பெயர்க்கப்பட்டார்கள் என்பதையும் வரலாறு எழுதுவோர் மறக்கலாகாது. இன்று ராக்கெட் எழும்போது திருவொற்றியூர் மொட்டை மாடியிலும் காசிமேட்டுக் கரையிலும் நின்று பார்க்கலாம். வடக்கு வானில் ஒரு தீக்கோடு எழுந்து வளைந்து மறையும். எழுவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. ஆனால் எழுந்தது மூத்துத் தளர்ந்து தாழ்வதை யார் பார்க்கிறார்கள்?

ஆரியபட்டா, இந்தியர் கட்டிய முதல் செயற்கைக்கோள், 1975 ஏப்ரல் 19-இல் சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்டது. எடை 360 கிலோ. ஏவிய சில நாட்களிலேயே மின்னூட்டம் பழுதாகி ஆய்வுகள் நின்றன. காசிமேட்டு மீன் அங்காடியில் கைமாறி ஈரத்தில் ஊறிய இரண்டு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இருந்ததே, அந்தப் படம் அதனுடையதுதான். தாளிலே புகழோடு சுற்றிய அதே காலத்தில் வானிலே ஓசையற்றுச் சுற்றி, 1992 பிப்ரவரியில் காற்றில் புகுந்து எரிந்தது. பதினேழு ஆண்டுகள்! இன்னொன்றோ ஒன்பதே நாள் வாழ்ந்தது: 1981 மே 31-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற 38 கிலோ ரோகிணி, எண்ணிய உயரம் எட்டாமையால் காற்றின் பிடியில் சிக்கி வீழ்ந்தது. வாழ்நாளை வகுத்தது விதியன்று, உயரம்.

உயரமும், கையிலுள்ள எரிபொருளும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஓர் இரட்டையர் கதை இருக்கிறது. பேரறிஞர் அண்ணாவின் நூற்றாண்டு கொண்டாடப்பட்டுக்கொண்டிருந்த 2009-ஆம் ஆண்டு, ஏப்ரல் 20. அன்று ஒரே ராக்கெட்டில் இரண்டு கோள்கள் ஒரே வட்டத்துக்கு, ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்துக்குச் சென்றன. ஒன்று, 300 கிலோ எடையுள்ள ரிசாட்-2. மற்றது 40 கிலோ எடையுள்ள அனுசாட்; அண்ணாவின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கல்லூரியிலே உருவாக்கியது; இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று கட்டிய முதல் செயற்கைக்கோள். கணக்கும் கோளும் ஒரு குலத்தின் சொத்து என்றிருந்த நாட்டிலே, எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் படிக்கும் கல்லூரி ஒரு கோளையே செய்து அனுப்பிற்று! அதே கல்லூரியில் படித்தவர்தாம் 1979 ஆகஸ்டில் வங்கக் கடலில் விழுந்த முதல் எஸ்.எல்.வி. ராக்கெட்டையும், 1980 ஜூலையில் வென்ற இரண்டாவதையும் வழிநடத்திய இராமேசுவரத்து அப்துல் கலாம்.

இரட்டையர் இருவரும் ஒரே நாளில் பிறந்தவர். ஒரே நாழிகை, ஒரே இலக்கினம். சாதகம் கணித்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். அனுசாட் 2012 ஏப்ரல் 18-இல், மூன்றாண்டு நிறையுமுன் முடிந்தது. ரிசாட்-2 நான்கே ஆண்டுக்கெனத் திட்டமிடப்பட்டது. பதின்மூன்றரை ஆண்டு உழைத்து, 2022 அக்டோபர் 30 விடியற்காலை ஜகார்த்தாவுக்கு அருகே இந்தியப் பெருங்கடலில் வீழ்ந்தது. என்ன வேற்றுமை? சிறியதிடம் தன்னை மேலே தள்ளிக்கொள்ள உந்துபொறி இல்லை. பெரியதிடம் 30 கிலோ எரிபொருள் இருந்தது. தாழும் போதெல்லாம் தரையிலிருந்தோர் கண்டு ஆணையிட, அது தன்னை உயர்த்திக்கொண்டது. சோதிடத்தை மறுக்க நூறு மேடை ஏறலாம். இந்த இரட்டையர் சாதகம் போதும்.

மூப்படைந்த கோள் எவ்வாறு வீழ்கிறது என்பதையும் சற்று விளக்க வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்திலும் காற்று அறவே இல்லாமற் போவதில்லை. அது உரசும். உரசினால் கோள் தாழும். தாழ்ந்தால் வேகம் குறையுமென்று எண்ணுவோம். இல்லை, கீழ்வட்டத்துக்கு வர வர வேகம் கூடும்! கூடக் கூட, அடர்ந்த காற்றில் இன்னும் உரசும். கடைசி நாட்களில் தொண்ணூறு நிமிடத்துக்கொரு சுற்று. தரையில் ஒரு நிலையம் அதைக் காண்பது ஒரு சுற்றில் பத்து நிமிடம் இருந்தால் அதிகம். அடிவானில் எழுந்து மறு அடிவானில் அமிழ்ந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் தொலைவும் வேகமும் அளந்து, வட்டத்தைக் கணித்து, அடுத்த நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். 2015 முதல் ஸ்ரீஹரிகோட்டாவில் இயங்கும் பெரிய ரேடார் ஒரே வேளையில் பத்துப் பொருள்களைத் தொடரவல்லது. அரை மீட்டர் அகலமுள்ள பொருளையும் ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் காணும். இவ்வளவு இருந்தும், தானாக விழும் கோளின் வீழ்நேரத்தை ஒருநாள் முன்னதாகச் சொன்னால் சில மணி முன்பின் தவறும். ஒரு மணித் தவறு இருபத்தேழாயிரம் கிலோமீட்டர்! ஆகவே விழும் ஊரை முன்கூட்டிச் சொல்கிறேன் என்று எவன் வந்தாலும், அவன் விஞ்ஞானி அல்லன்.

ஊரைச் சொல்ல வேண்டுமானால் ஒரு வழிதான் உண்டு: விழும் கோளை விழவிடாமல், விழச் செய்ய வேண்டும். அதைத்தான் 2023-இல் நம்மவர் செய்தார்கள்.

மேகா-டிராபிக்ஸ் என்னும் கோள், பிரெஞ்சு நாட்டோடு கூட்டாகக் கட்டியது, 2011 அக்டோபர் 12-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறியது. எடை ஏறத்தாழ 1000 கிலோ. வெப்பமண்டல மழையையும் மேகத்தையும் புயலையும் நோக்குவது அதன் தொழில். நடுக்கோட்டுக்கு 20 பாகையே சாய்ந்த வட்டம். ஆகையால் அது ஐரோப்பாவைக் கடந்ததேயில்லை. வடக்கே 20 பாகைக்கும் தெற்கே 20 பாகைக்கும் இடைப்பட்ட நாடுகளையே சுற்றிச் சுற்றி வந்தது. சென்னை 13 பாகையில் இருக்கிறது. யாழ்ப்பாணம், கொழும்பு, சிங்கை, மலேயா, எல்லாம் அதன் காலடியில். மூன்றாண்டுக்கென வகுக்கப்பட்ட கோள், 2021 வரை பணி செய்தது. பணி முடிந்தபின்? 867 கிலோமீட்டர் உயரத்தில் காற்றே அரிது. விட்டுவிட்டால் நூறாண்டுக்கு மேலும் சுற்றும். வயிற்றிலே ஏறத்தாழ 125 கிலோ எரிபொருள். என்றேனும் வெடித்தால் நூறு துண்டு. எப்போதேனும் விழுந்தால், விழக்கூடிய நிலத்தில் பெரும்பகுதி ஏழை நாடுகளின் நிலம்.

உலக நாடுகள் வகுத்த நெறி, பணி முடிந்து 25 ஆண்டுக்குள் அகற்றுக என்கிறது. அந்தக் கோளோ இப்படி இறக்குவதற்கென்று வடிவமைக்கப்பட்டதன்று. எனினும் துணிந்தார்கள். 2022 ஆகஸ்டிலிருந்து இருபது முறை உந்துபொறிகளை இயக்கிப் படிப்படியாகத் தாழ்த்தினார்கள். ஒவ்வொரு படியிலும் அளந்து, திருத்தி, அடுத்த படி. பசிபிக் பெருங்கடலிலே மனிதர் வாழாத ஒரு பரப்பைத் தேர்ந்தார்கள்: தெற்கே 5 முதல் 14 பாகை, மேற்கே 100 முதல் 119 பாகை. 2023 மார்ச் 7. நம் மணிப்படி மாலை 4:32-க்கு ஒரு முறை, 6:15-க்கு மறுமுறை, நான்கு சிறு உந்துபொறிகள் ஏறத்தாழ இருபது நிமிடம் எரிந்தன. அவ்வளவுதான். குறித்த கடலுக்கு மேலே கோள் உடைந்து எரிந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்று சுற்றிய ஒரு முதியோனைக் கைபிடித்து, எவர் மீதும் இடறாமல் வழியனுப்பினார்கள்.

அந்த நாளில் எத்தனை ஏடுகள் இதைத் தலைப்பாக்கின? அதே ஆண்டு டிசம்பரில் திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சிக்கு ஒதுக்கிய பக்கங்களை எண்ணிப் பாருங்கள். திருநள்ளாறு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அக்கோயிலுக்கு நேர் மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்து வணங்கியது என்று ஒரு கட்டுக்கதை கைப்பேசிக்குக் கைப்பேசி பறக்கிறது. மூன்று நொடி நின்றால் கோள் தன் இடத்திலிருந்து 22 கிலோமீட்டருக்கு மேல் பின்தங்கும். அடுத்த நிலையத்தில் அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். ஏழரைக் கிலோமீட்டர் வேகமே அதைத் தாங்குகிறது. நிறுத்தினால் கல்லைப் போல் விழும். மேகா-டிராபிக்ஸ் பதினொரு ஆண்டு அந்த 11 பாகைக்கு மேலே போய்வந்தது. ஒரு நொடியும் நிற்கவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவிய கோளைக் கொண்டே ஸ்ரீ சனீசுவரனுக்கு விளம்பரம் தேடுகிறார்களே, அந்தத் திறமையை வேறெங்கே காண்பது!

ஆளில்லாக் கடலைத் தேடிக் கண்டுபிடித்தார்கள் என்றேன். ஆளிருக்கும் கரையைப் பற்றியும் பேச வேண்டும். வரலாறு அங்கேதான் கசக்கிறது. ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர் கடலுக்குப் போகத் தடை. கழன்று விழும் பாகம் படகின் மீது விழலாகாது என்ற நியாயம் நியாயந்தான். ஆனால் அன்றைய பாடு போயிற்றே? விண்பொருள் விழுந்து பிறநாட்டுக்கு இழப்பு நேர்ந்தால், ஏவிய நாடே ஈடு தர வேண்டுமென்று 1972-இல் உடன்படிக்கை செய்தார்கள். 1978-இல் சோவியத்தின் அணு உலை தாங்கிய கோள் கனடாவின் பனிநிலத்தில் சிதறியபோது, கனடா அதைக் காட்டி 30 லட்சம் டாலர் பெற்றது. அதே உடன்படிக்கையில் ஒரு விதி: ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு இது பொருந்தாது! ஆஸ்திரேலியன் தலையில் விழுந்தால் சட்டம் உண்டு. பழவேற்காட்டான் வலையில் விழுந்தால் உள்நாட்டு மனுதான்.

2017 ஜனவரி 28. எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய்க் கசிவே இல்லை என்பது முதலில் வந்த செய்தி. எர்ணாவூர்க் கரையில் கருஞ்சேறு திரண்டு ஒதுங்கியது. வாளியால் அள்ளினார்கள். ஆம், வாளியால்! மாணவரும் மீனவரும் கடலோரக் காவல் வீரரும் வரிசையில் நின்று வாளி மாற்றினார்கள். பிப்ரவரி 15-ஆம் நாள், அதே கரையின் வடமுனையில், ஒரே ராக்கெட் 104 செயற்கைக்கோள்களை விண்ணில் பரப்பி உலகை வியக்க வைத்தது. மோதலுக்கும் வியப்புக்கும் இடையே பதினெட்டு நாள்.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய், கொசத்தலையாற்றின் கழிமுகம் வரை. அந்தக் கறை காயுமுன், டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. மேகா-டிராபிக்ஸ் இறங்கிய அதே ஆண்டு. குறித்த நிமிடத்தில், குறித்த பாகையில், ஆயிரம் கிலோ கோளை இறக்கிய அதே நாடு. பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் கசிவை முதலில் கண்டது எந்தக் கருவியுமன்று. தூங்கிக்கொண்டிருந்த மக்களின் மூக்கும் கண்ணும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனை சேர்ந்தார்கள்.

விடிந்தபின் அவர்கள் பரிகாரம் கேட்டு எவரிடமும் போகவில்லை. கிரகம் சரியில்லை என்று சொன்னவர் எவருமில்லை. பந்தல் போட்டு, ஆலையை மூடு என்று உட்கார்ந்தார்கள். ஒருநாள் இருநாள் அன்று, வாரக் கணக்கில்.